கொங்கிறீற்றுக் கைப்பணிக்குக் கருவி தேர்தல்



கைப்பணி என்ற சொல்லைக் கேட்டதும் பன்னும் பனையோலையும், தும்பும் சிரட்டையும், களிமண்ணும் மரமும் நம் நினைவுக்கு வருகின்றன. சீமெந்து வருவதில்லை. அது வீடு கட்டுவதற்குரிய பொருள், மேசனுடைய பொருள், சித்திர வகுப்புக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்பவர் பலர். ஆனால் கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்டு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை என்று ஊர் ஊராகக் கடந்து அட்டாளைச்சேனைக்கு வருகின்ற ஒருவர், பேருந்தின் யன்னல் வழியே வீதியோரத்தை நோக்கிக்கொண்டே வருவாரானால் இக்கேள்வியைக் கேட்கமாட்டார். பள்ளிவாசலின் குப்பாவும் மினாராவும் சீமெந்து. கோயிற் கோபுரத்துப் பதுமைகளும் சீமெந்து. மதிலின் பூவேலையும், வாயிற்றூணின் தலையில் நிற்கும் மொட்டும், முற்றத்துப் பூச்சாடியும் சீமெந்து. மையவாடியிலே மீசான்கள் பலவும் சீமெந்து. எங்கள் கரையோரத்திற் கண்ணுக்குப் படுகின்ற கலையிற் பெரும்பங்கு இன்று இப்பொருளிலேதான் நடைபெறுகின்றது. அதைச் செய்கின்றவர்களைக் கலைஞர் என்று நாம் அழைப்பதில்லை, அவ்வளவே.

நமது பாடசாலைகளில் ஆறாந்தரம் தொடக்கம் ஒன்பதாந்தரம் வரை செயன்முறையும் தொழினுட்பத் திறன்களும் என்றொரு பாடம் உண்டு, சித்திரமும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே சீமெந்துக் கைப்பணியை நடத்த விரும்பும் ஆசிரியர்கள் என்னிடம் முதலிற் கேட்பது, "என்னென்ன கருவிகள் வாங்கவேண்டும்?" என்பதேயாகும். கேள்வி இயல்பானது. ஆனால் அதனைக் கடைக்காரரிடம் கேட்டால், அவர் தம் கடையில் உள்ளவற்றைக் கூறுவார், அவர்மீது குறையில்லை. ஒரு பாடசாலையிலே, மூன்று அளவிற் சாந்தகப்பைகளும், ரசமட்டமும், தூக்குக்குண்டும், மின்சாரத்தால் இயங்கும் அரைப்பானும் வாங்கி அலுமாரியில் அடுக்கிவைத்திருப்பதைக் கண்டேன். அவற்றுள் ஏழாந்தரத்துப் பிள்ளையின் கைக்கு அடங்குவது ஒன்றேனும் இல்லை. அளவைப் பாத்திரம், அரிதட்டு, கையுறை ஆகிய மூன்றும் அங்கே இருக்கவே இல்லை. கொங்கிறீற்று வேலைக்குக் கருவி தேர்வது கடைத்தட்டைப் பார்த்தன்று, கடிகாரத்தைப் பார்த்து என்பதே இன்று நான் சொல்ல விரும்புவது.

அதன் காரணத்தைச் சற்று விளக்குகிறேன். சீமெந்தும் மணலும் சல்லிக்கல்லும் தண்ணீரும் சேர்ந்தது கொங்கிறீற்று. பூச்சாடி போன்ற மெல்லிய வேலைகளுக்குச் சல்லியை நீக்கிவிட்டு, சீமெந்தும் மணலும் மட்டுமான சாந்தையே பயன்படுத்துகின்றோம். பேச்சின் வசதிக்காக இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறேன். இது காய்ந்து இறுகுகின்ற பொருள் என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அப்படியன்று. சீமெந்து தண்ணீரோடு இரசாயன முறையிற் சேர்ந்து இறுகுகின்றது. தண்ணீர் இல்லாமற் போனால் இறுகுவதையும் நிறுத்திக்கொள்கின்றது. குழைத்து ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் வரை அது குழம்பு. அச்சில் ஊற்றலாம், கையாற் பிடிக்கலாம். அதன்பின் சில மணி நேரம், சிலவேளை மறுநாட் காலை வரை, அது பாற்கட்டியைப் போன்ற ஓர் இடைநிலையில் நிற்கின்றது. வெட்டலாம், சுரண்டலாம், கோடு கீறலாம். எங்கள் வெயிலில் இவ்விடைநிலை மிகக் குறுகியது. அதற்குப் பின் அது கல். இருபத்தெட்டு நாள் வரை விரைவாகவும் அதற்கப்பால் மெதுவாகவும் வலுப்பெறுகின்ற கல். குழம்புக்கு உரிய கருவி இடைநிலைக்கு உதவாது. இடைநிலைக்கு உரியது கல்லுக்கு உதவாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கருவியும் தன் வேளை தப்பினால் வெறும் இரும்பு.

பழைய கோபுரங்களிலே சுதைவேலை செய்த சிற்பிகளுக்கு இத்தகைய நெருக்கடி இருக்கவில்லை. அவர்கள் சுண்ணாம்பையும் மணலையும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரையும் சேர்த்து அரைத்த சாந்திலே வேலை செய்தனர். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டு ஆறுதலாக இறுகுவது. சிற்பி ஒரு முகத்தைத் திருத்த நாட்கணக்கில் அவகாசம் பெற்றான். சீமெந்து அந்த நாட்களை மணிகளாகச் சுருக்கிவிட்டது. கரண்டி மாறவில்லை, காலம் மாறிவிட்டது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கொத்துவேலையாளர் ஜோசப் அஸ்ப்டின் என்பவர் 1824 ஆம் ஆண்டில் போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதற்குள் இரும்புக் கம்பியை வைத்து வார்க்கின்ற வழிக்கு 1867 இற் காப்புரிமை பெற்றவர் யார் தெரியுமா? ஜோசப் மோனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரர். அவர் பாலம் கட்டுவதற்காக அதைப் பெறவில்லை. செடி நடும் தொட்டிகளுக்காகப் பெற்றார். மரத்தொட்டி உழுத்துப் போயிற்று, மண்தொட்டி உடைந்து போயிற்று. ஆகவே கம்பி வலையைச் சுற்றிச் சீமெந்து பூசினார். இன்று உலகமெங்கும் நிற்கும் மாடிக் கட்டடங்களின் மூதாதையரில் ஒரு பூச்சாடியும் உண்டு. பாடசாலைப் பிள்ளை பூச்சாடி வார்ப்பதை விளையாட்டு என்று இகழ்பவர்களுக்கு நான் இதனைச் சொல்வதுண்டு.

இனி, முதலில் வாங்கவேண்டிய கருவி எது? சாந்தகப்பையன்று, அளவைப் பாத்திரம். 1918 ஆம் ஆண்டிலே சிக்காக்கோ நகரத்து லூயிஸ் நிறுவகத்தில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் எண்ணிறந்த சோதனைகள் செய்து கண்ட முடிவு இது: கொங்கிறீற்றின் வலிமை, சீமெந்துக்கும் தண்ணீருக்கும் இடையேயுள்ள விகிதத்திலேயே பெரிதும் தங்கியிருக்கின்றது. தண்ணீர் மிகுந்தாற் குழைப்பது எளிது. ஆனால் மிகுந்த தண்ணீர் பின்னர் ஆவியாகிப் போகும்போது அதன் இடமெல்லாம் நுண்துளையாகிவிடும். ஐம்பது கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு இருபத்தைந்து இலீற்றர் தண்ணீருக்கு மேற்படலாகாது. பிள்ளைகளுக்கு இதனைப் பேணிக் கணக்கிற் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு பேணி சீமெந்துக்கு மூன்று பேணி மணல். தண்ணீரோ முக்காற் பேணிக்கு உட்பட்டது. மணல் ஈரமாயிருந்தால் அதனினும் குறைவு. ஒரே அளவான பால்மாப் பேணிகள் இரண்டு இருந்தாற் போதும். ஒன்று உலர்ந்த பொருளுக்கு, மற்றையது தண்ணீருக்கு. செலவு இல்லை. எங்கள் பிள்ளைகளின் வீடுகளிற் பால்மாப் பேணிக்குப் பஞ்சமும் இல்லை.

அடுத்தது அரிதட்டு. பெருவேலைக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவான கண்ணுள்ள வலை போதும். நுண்ணிய வேலைக்கு, நுளம்புக்குத் தடையாக யன்னலில் அடிக்கின்ற உலோக வலையை ஒரு மரச்சட்டத்தில் இழுத்து ஆணியடித்துக்கொள்ளலாம். அதனோடு, உள்ளே தெளிவாகத் தெரிகின்ற கண்ணாடிப் போத்தல் ஒன்றையும் கருவிப் பெட்டியிற் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். போத்தலிற் பாதிக்கு மணலிட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்பும் இட்டுக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தால், மணல் அடியிலும் சேறு அதன்மேலும் படியும். சேற்றின் உயரம் மணலின் உயரத்திற் பன்னிரண்டில் ஒரு பங்கை மிஞ்சினால் அம்மணலைக் கழுவாமற் பயன்படுத்தலாகாது. ஆற்று மணலிற் சேறு. கடல் மணலில் உப்பு. எங்கள் ஊரில் வாசலைத் திறந்தாற் கடல் மணல் கிடக்கின்றது. அதை விட்டுவிட்டு விலைகொடுத்து ஆற்று மணல் வாங்குவானேன் என்று பிள்ளைகள் கேட்கின்றனர். கேட்கவேண்டிய கேள்விதான். உப்பிலுள்ள குளோரைட்டு கொங்கிறீற்றின் உள்ளே புகுந்து கம்பியைக் கறள் பிடிக்கச் செய்கின்றது. கறள் இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்பது. ஆதலால் உள்ளிருந்தபடியே கொங்கிறீற்றைப் பிளந்துகொண்டு வெளியே வருகின்றது. கடலோரத்துப் பழைய வீடுகளின் வளையிலும் தூணிலும் கம்பி பல்லிளித்துக்கொண்டு நிற்பதைக் காட்டினால் வேறு விளக்கம் வேண்டுவதில்லை. அன்றியும், கரையோர மணலை அள்ளுவது 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்ட செயல். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையைக் கண்ட எங்களுக்குக் கரையிற் கிடக்கும் மணல்மேட்டின் அருமையைச் சட்டம் வந்து சொல்லவேண்டியதில்லை.

குழைப்பதற்குப் பிளாஸ்டிக் தாச்சியோ, பழைய வாளியை நெடுக்காகப் பிளந்ததோ உகந்தது. வீட்டில் ஒதுக்கிய அலுமினியச் சட்டியைப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள், அன்போடு திருப்பியனுப்பிவிடுங்கள். ஈரச் சீமெந்து கடுங்காரம். அது அலுமினியத்தைத் தின்று வாயுவை உண்டாக்கும். சட்டியும் கெடும், சாந்தும் குமிழி பிடிக்கும்.

குழம்பு நிலைக்குரிய தலையாய கருவி அச்சு. இங்கே ஓர் உண்மையை நினைவிற் கொள்ளவேண்டும். கொங்கிறீற்றுக்குத் தனக்கென ஒரு முகம் இல்லை. அச்சின் முகமே அதன் முகம். வழவழப்பான பிளாஸ்டிக் கோப்பையில் வார்த்தது பளபளக்கும். அறுத்தபடியே விட்ட பலகையில் வார்த்ததிலே மரத்தின் வரி ஒவ்வொன்றும் பதிந்திருக்கும். ஆகவே அச்சைத் தேர்வதென்றால் மேற்பரப்பைத் தேர்வதாகும். எங்கள் பகுதியிற் பெண்கள் இழைக்கின்ற பன்பாய் இதற்கு மிகப் பொருத்தமானது என்று கண்டோம். பாய்த்துண்டொன்றைத் தண்ணீரில் ஊறவைத்து, சவர்க்கார நீர் பூசி, பலகைச் சட்டத்தின் அடியில் விரித்து, அதன்மேற் சாந்தை இட்டுத் தட்டிவிட்டு, மறுநாள் புரட்டி எடுத்தால், பாயின் இழை குறுக்கும் நெடுக்குமாகக் கல்லிற் படிந்திருக்கும். பாய் பெரும்பாலும் கிழிந்துபோகும். ஆதலால் பழம் பாயே உத்தமம். புதுப்பாயைக் கொடுத்து உதவ முன்வந்த ஒரு தாயிடம், "உம்மா, இது இருந்து சாப்பிடுகிற பாய், வேண்டாம்" என்று சொல்லி எங்கள் ஆசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டார். தான் இழைத்தது கல்லிலே நிலைத்துவிடும் என்ற ஆசை அந்தத் தாய்க்கு. பின்னர் தம் வீட்டுத் திண்ணையிற் கிடந்த பழம் பாயைக் கொண்டுவந்து தந்தார்.

அச்சிலே பூசுவதற்குத் தேங்காயெண்ணெய் போதும்; அதுவும் துணியால் ஒற்றி எடுத்த அளவே. மோட்டார் வாகனத்தின் கழிவெண்ணெய் மேசன்மாரிடையே வழக்கிலுள்ளது. பிள்ளைகளின் கைக்கு அது வேண்டாம், கல்லிலும் கறையை விடும். சாந்தினுள் அகப்பட்ட காற்றை வெளியேற்ற அதிர்வு இயந்திரம் தேவையில்லை. ஒரு மரச்சுத்தியலால் அச்சின் பக்கங்களை நாற்புறமும் தட்டிக்கொண்டு வந்தால், குமிழிகள் மேலே எழுந்து உடைவதைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அச்சின்றிக் கையால் உருவாக்குவதாயின் உள்ளே ஓர் எலும்புக்கூடு வேண்டும். கோழிக்கூட்டுக்கு அடிக்கின்ற கம்பி வலையும், மெல்லிய கட்டுக்கம்பியும், நல்ல குறடு ஒன்றும் இதற்குரியவை. எங்கள் பாடசாலையில் உயிருருவங்கள் வார்ப்பதில்லை; எமது மார்க்க மரபு அது. சாடி, வளைவு, எழுத்து, கணித வடிவம் என்பவற்றோடு நின்றுகொள்கின்றோம். அயலூர்த் தமிழ்ப் பாடசாலையினர் மயிலையோ யானையையோ வார்க்க விரும்பலாம். கருவி இருவருக்கும் ஒன்றே. எலும்புக்கூட்டின் வடிவம் மாத்திரமே வேறு. குறட்டை வாங்கும்போது மட்டும் பணத்தைப் பார்க்கவேண்டாம். வாய் இரண்டும் ஒளி புகாதபடி பொருந்துகின்றனவா என்று வெளிச்சத்திற் பிடித்துப் பாருங்கள். பொருந்தாத குறடு கம்பியை நறுக்காது, நசுக்கும். நசுங்கிய முனை பிள்ளையின் விரலைக் கிழிக்கும்.

எலும்புக்கூட்டைப் பற்றிப் பேசும்போது இந்தியாவின் சண்டிகார் நகரத்து நேக் சந்த் அவர்களைக் குறிப்பிடாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. அவர் பொதுவேலைத் திணைக்களத்திலே வீதிப் பரிசோதகராக இருந்தவர். லெ கோர்பூசியே என்னும் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் அந்நகரத்தைக் கொங்கிறீற்றால் எழுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, நகரின் ஓரத்துக் காட்டில், எவருக்கும் தெரியாமல், 1957 அளவில் நேக் சந்த் தம் சிறிய இராச்சியத்தைக் கட்டத் தொடங்கினார். உடைந்த வளையலும், பீங்கான் ஓடும், பழைய சைக்கிளின் உறுப்புகளுமே அவருடைய கருவிப் பெட்டி. அவற்றைச் சுமந்து சென்றதும் ஒரு சைக்கிளே. சைக்கிட் சட்டம் விலங்கின் எலும்பாயிற்று. வளையல் துண்டுகள் பதுமையின் ஆடையாயின. சட்டப்படி அனுமதியில்லாத நிலம் அது. எழுபதுகளில் அதிகாரிகள் கண்டுபிடித்தபோது இடித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால் மக்கள் விரும்பினர், 1976 இல் அது கற்பூங்கா என்ற பெயரோடு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவர் 2015 இற் காலமானார். பணமில்லை, ஆகவே கருவியில்லை, ஆகவே கைப்பணியில்லை என்று கூறும் ஆசிரியர்களுக்கு நான் அவரைப் பற்றிக் கூறுவதுண்டு. சிலர் அதன்பின்னும் கூறுகின்றனர்.

இப்பொழுது இடைநிலைக்கு வருவோம். கைப்பணியின் உயிர் இங்கேதான் இருக்கின்றது. கடையில் விற்கும் கருவிகள் உதவாத இடமும் இதுவேயாகும். எங்கள் ஊர் மேசன் ஒருவரை ஒருநாள் பாடசாலைக்கு அழைத்து, நாங்கள் சேர்த்து வைத்திருந்த கருவிகளைக் காட்டினோம். நாற்பது ஆண்டு வேலை செய்தவர். மினாராக்களுக்கும் மதில்களுக்கும் பூவேலை செய்து பழகிய கை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுப் பெரும்பாலானவற்றை ஒதுக்கி வைத்தார். "சேர், இது எல்லாம் சுவர் பூசுற சாமான். பூ வெட்டுறதுக்குக் குசினிக்குள்ள போய்ப் பாருங்க" என்றார். தம் பையிலிருந்து அவர் எடுத்துக் காட்டியவை: நுனியைத் தட்டையாகத் தேய்த்த ஒரு தேக்கரண்டி, முறிந்த இரும்பு வாளின் அலகில் ஒரு சாண் துண்டு, குடைக்கம்பி, கமுகஞ் சிலாகையிற் சீவிய கத்தி ஒன்று. கரண்டி குழிக்க; வாளலகு செதுக்கவும் சமப்படுத்தவும்; குடைக்கம்பி கோடு கீற; கமுகஞ் சிலாகை, ஈரமான விளிம்பை உடைக்காமல் அழுத்த. ஒவ்வொன்றும் அவருடைய விரலின் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

"எப்போது வெட்டத் தொடங்குவது, காக்கா?" என்று கேட்டேன். பெருவிரலால் அழுத்திக் காட்டினார். விரல் உள்ளே புதைந்தால் நேரமாகவில்லை. அடையாளம் மட்டும் விழுந்து ஈரம் விரலில் ஒட்டாவிட்டால் அதுவே வேளை. அடையாளமும் விழாவிட்டால் வேளை போய்விட்டது. அந்தப் பெருவிரற் சோதனையைப் பிள்ளைகள் அன்றே கற்றுக்கொண்டனர், ஆனால் வெறும் விரலோடு அதைச் செய்ய நாங்கள் அவர்களை விடவில்லை. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

வாங்கவேண்டிய சாந்தகப்பையைப் பற்றியும் அவரே வழிகாட்டினார். பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு அங்குலத்துக்கு மேற்பட்ட அலகு வேண்டாம். பிடிக்குச் செல்லும் தண்டு அலகோடு ஒரே இரும்பாக அடிக்கப்பட்டிருக்கவேண்டும்; ஒட்டவைத்தது ஒட்டிய இடத்திலேயே முறியும். நுனியை மேசையில் ஊன்றி மெல்ல அழுத்தினால் அலகு வளைந்து, விட்டவுடன் நேராகவேண்டும். வளையாதது கையை நோகச் செய்யும். வளைந்தபடி நிற்பது இரும்பேயன்று. பிடி மரத்தாலானதாயின் தேய்ந்த பின் மாற்றிக்கொள்ளலாம். அதனோடு மட்டப்பலகை ஒன்றும் வேண்டும். உருக்கு அலகு மேற்பரப்பை மினுக்கும், மரப்பலகை சொரசொரப்பாக விடும். மினுக்கம் பிள்ளைகளுக்கு விருப்பம். ஆகவே ஊற்றிய கையோடு மினுக்கத் தொடங்கிவிடுவார்கள். அடியிலிருந்து கசிந்து மேலே வருகின்ற தண்ணீர் அந்த மினுக்கத்தின் கீழே சிறைப்பட்டு, சில நாட்களில் மேற்றோல் மாவாக உதிரும். கசிந்த நீர் மறையும் வரை உருக்கலகை எடுக்காதிருப்பதே முறை.

வெட்டுமுன் வரைதல் வேண்டுமல்லவா? ஒன்பதாம் நூற்றாண்டிலே ஈராக்கின் சாமர்ரா நகரத்து மாளிகைச் சுவர்களில் அச்சினாலும் உளியினாலும் செய்த சாந்துவேலையும், பதினான்காம் நூற்றாண்டிலே ஸ்பெயின் நாட்டின் அல்ஹம்ரா மாளிகையில் எழுந்த சாந்துச் சித்திரங்களும் உலகப் புகழ்பெற்றவை. அவை சீமெந்தன்று, ஆயினும் ஈரச் சாந்தில் வேளையறிந்து செய்த வேலை என்ற வகையில் நமக்கு முன்னோடிகள். அத்தனை பின்னலுக்கும் அடிப்படையாக இருந்தவை கவராயமும் நேர்விளிம்புமே. ஒரு வட்டத்தின் ஆரையை அதன் பரிதியில் ஆறுமுறை வைத்தால் ஆறிதழ்ப் பூ மலர்வது ஒவ்வொரு பிள்ளைக்கும் கணித வகுப்பில் தெரிந்ததே. ஓர் ஆணியும் ஒரு நூலும் ஒரு குச்சியும் இருந்தாற் பெரிய கவராயம் ஆயிற்று. கணித ஆசிரியர் ஒருவர் இவ்வேலையைப் பார்த்துவிட்டுத் தம் பாடவேளையையும் எங்களுக்குத் தந்துவிட்டார்; அது அபூர்வமான நிகழ்ச்சி.

கல்லான பிறகு செய்யும் வேலையைச் சுருக்கமாகக் கூறிவிடலாம்: அதைக் கூடியவரை செய்யாதிருங்கள். மின்சார அரைப்பானால் உலர்ந்த கொங்கிறீற்றை அறுக்கும்போது எழுகின்ற தூசியில் மணலின் சிலிக்கா நுண்ணிய துகளாக இருக்கின்றது. அது சுவாசப்பையின் ஆழத்திற் சென்று தங்கி, ஆண்டுகள் கழித்து மாற்றமுடியாத நோயைத் தருகின்றது. துணியை முகத்திற் கட்டினால் அது தடைப்படாது. ஆகவே பாடசாலையில் அரைப்பான் வேண்டாம். இரண்டாம் மூன்றாம் நாளில், பொருளைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, நீரில் நனைகின்ற மண்கடதாசியாலோ பழைய அரத்தாலோ விளிம்புகளைத் தேய்த்துக்கொள்ளலாம். தண்ணீருக்குள்ளே தூசியில்லை.

கையுறைக்கு வருகிறேன், நேரம் அதிகம் எடுக்க விரும்புவது இதற்குத்தான். எங்கள் மாணவர் பலருடைய தந்தைமார் மேசன்மார், அல்லது மேசன்மாருக்குக் கையாட்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்து அவர்கள் கையொப்பமிடும்போது அந்தக் கைகளைப் பார்த்திருக்கிறேன். வெடித்து, தடித்து, நகங்களின் ஓரம் அரிக்கப்பட்டு, சிலருக்குப் பேனாவைப் பிடிப்பதே வேதனை. வேலையின் தழும்பு என்று அதை அவர்கள் சொல்கின்றனர். அது தழும்பன்று, புண். ஈரச் சீமெந்து சாம்பற்காரத்தினும் கொடிய காரம். அது சுட்டாலும் உடனே தெரிவதில்லை. பல மணி நேரம் சென்ற பின்னரே தோல் சிவந்து வெடிக்கின்றது. நெருப்பானாற் பிள்ளை கையை இழுத்துக்கொள்ளும். இதிலோ கை இதமாக இருக்கின்றதென்று இன்னும் அளைகின்றது. அதற்கும் மேலாக, சீமெந்தில் அடங்கியுள்ள ஒருவகைக் குரோமியச் சேர்மம் சிலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்குகின்றது. ஒருமுறை அது பற்றிக்கொண்டால் வாழ்நாள் முழுவதும் சீமெந்தைத் தொடும்போதெல்லாம் தலைகாட்டும். ஐரோப்பிய நாடுகளில் 2005 ஆம் ஆண்டு தொடக்கம், நீரிற் கரையக்கூடிய அந்தக் குரோமியம் சீமெந்திற் பத்து இலட்சத்தில் இரண்டு பங்குக்கு மேற்படலாகாதென்று விதித்திருக்கின்றனர். மேசனாகவே வரப்போகின்ற ஒரு பிள்ளைக்கு அந்த ஒவ்வாமை பன்னிரண்டு வயதில், எங்கள் வகுப்பறையில், எங்கள் கவனக்குறைவால் வந்துவிட்டால், அவனுடைய பிழைப்பை நாமே பறித்தவர்களாவோம்.

ஆகவே எந்தக் கையுறை? துணிக்கையுறை வேண்டாம், தோற்கையுறையும் வேண்டாம். அவை காரநீரை உறிஞ்சித் தோலோடு அழுத்தி வைத்திருக்கும். வெறுங்கையே அதனிலும் மேல். நீர் புகாத இறப்பர்க் கையுறையே வேண்டும். பெரியவர்களின் அளவை வாங்கினாற் பிள்ளையின் மணிக்கட்டில் அது வாய் பிளந்து நிற்கும். உள்ளே புகுந்த சாந்து வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும். சிறிய அளவைத் தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மணிக்கட்டில் இறப்பர் வளையம் போட்டு, சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிடுங்கள். பாவித்தபின் உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். பெருவிரற் சோதனையையும் கையுறையோடேயே செய்யலாம். முதலில் மட்டமாகத் தோன்றும், பழகினால் உணர்வு வந்துவிடும். மண்டியிட்டு வேலை செய்யவேண்டாம். முழங்காலில் ஊறிய சாந்து தோலைத் தின்றுவிடும். மேசையில் வைத்து நின்றுகொண்டு செய்வதே நன்று. உலர்ந்த சீமெந்துப் பையை ஆசிரியரே திறந்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று கொட்டவேண்டும். கண்ணில் தெறித்தாற் கழுவுவதற்கு நல்ல தண்ணீர் ஒரு வாளி, வேலை தொடங்கு முன்பே, வேறெதற்கும் தொடாதபடி மூடி வைத்திருக்கவேண்டும். பட்ஜெட் போதாது என்று சொல்லும்போது அலுமாரியிலுள்ள ரசமட்டத்தை நினைத்துக்கொள்கிறேன். அதன் விலைக்கு ஒரு வகுப்புக்கு வேண்டிய கையுறை வாங்கியிருக்கலாம்.

வேலை முடிந்ததும் கருவிகளை அப்படியே விட்டுவிடுவோர் உண்டு. காலையில் அவை கல்லாகிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் தும்புக்கட்டியால் தேய்த்துக் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, பலகையில் அடித்த ஆணிகளில் ஒவ்வொன்றாகத் தொங்கவிடவேண்டும். எங்கள் கடற்காற்று ஓரிரவிலே கறள் ஏற்றிவிடும். பெட்டிக்குள் அடைத்து வைத்தால் இன்னும் விரைவு. ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பலகையிலேயே வரைந்துவிட்டால், எது வரவில்லை என்பது கேட்காமலே தெரியும். கழுவிய நீரைக் கோணாவத்தை ஆற்றுப் பக்கமோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். அது மீனுக்கும் ஆகாது, கொட்டுக்கிணற்று நீருக்கும் ஆகாது. வளவின் ஒரு மூலையிற் குழி வெட்டி அதிலே ஊற்றினாற் சாந்து அடியில் உறைந்துவிடும். அக்கட்டியை உடைத்துப் பாதைக்குப் போடலாம்.

வார்த்த பொருளை நனைத்த சாக்கினால் மூடி, ஏழு நாள், காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கவேண்டும். இந்தத் தெளிப்புக்குப் பிள்ளைகளின் பெயர்களை முறைப்படி எழுதி வையுங்கள்; வெள்ளியும் சனியும் எங்களுக்குப் பாடசாலை இல்லாத நாட்களாதலால், அந்த இரண்டு நாட்களுக்கு அயலில் வசிக்கும் பிள்ளைகளையே போடுவது வழக்கம். எட்டாம் நாள் சாக்கை எடுத்துவிடலாம். அதன்மேல் செடி நடுவதானால், சாடியை இன்னும் ஒரு கிழமை தண்ணீர் நிரப்பி வைத்து, அந்நீரை நாளுக்கு நாள் மாற்றிக் காரம் போக்கிய பின்னரே மண் இடுங்கள்.